வரி யார் கட்டுகிறார்கள், எது வீண் செலவு: ஓர் எளிய விளக்கம்

"நாங்கள் வரி கட்டுகிறோம், அவர்கள் அனுபவிக்கிறார்கள்" என்ற பேச்சைக் கேட்காமல் சென்னையில் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. ஜூன் மாதம், சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கான சான்றான ஃபார்ம் 16 கைக்கு வரும்போது ஐடி கம்பெனி கேன்டீனில் இது கேட்கும். பெண்கள் கட்டணமில்லாமல் ஏறும் மாநகரப் பேருந்தைப் பார்த்து யாராவது சொல்வார்கள். நவம்பரில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் எல்லோருமே சொல்வோம். இந்த ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு தனித்தனி கேள்விகள் கலந்து கிடக்கின்றன. வரிச்சுமை நியாயமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று, வசூலான பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கோபப்பட்டால் அந்தக் கோபம் பெரும்பாலும் தப்பான ஆளின் மேல்தான் போய் விழுகிறது. பொருளாதாரம் படிக்காதவர்களும் பிரித்துப் பார்க்க முடியும், அதற்காகத்தான் இது.

முதலில், யார் வரி கட்டுகிறார்கள்?

எல்லோரும். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. வரியில் இரண்டு வகை உண்டு. உங்கள் வருமானத்தையோ சொத்தையோ பார்த்து உங்கள் பெயரில் போடப்படுவது நேரடி வரி. வருமான வரி, வீட்டு வரி எல்லாம் இதில் வரும். நீங்கள் வாங்கும் பொருளின் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது மறைமுக வரி. ஜிஎஸ்டி, பெட்ரோல் மேல் மத்திய அரசு போடும் கலால் வரி, அதன் மேல் மாநில அரசு போடும் வாட் எல்லாம் இந்த வகை. முதல் வகைக்கு ரசீது கிடைக்கும், அதனால் கட்டியது ஞாபகம் இருக்கும். இரண்டாவது வகையைக் கட்டுபவருக்குத் தான் கட்டுகிறோம் என்பதே தெரியாது.

அசோக் நகரில் மூன்று வீட்டில் வேலை பார்த்து மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் செல்போனுக்கு 350 ரூபாய் ரீசார்ஜ் செய்கிறார். தொலைபேசிச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது அந்த 350க்குள்ளேயே அடக்கம். கணக்குப் போட்டால் வரி மட்டும் 53 ரூபாய் வருகிறது. அவர் வேலை பார்க்கும் வீட்டில் மாதம் 2 லட்சம் சம்பளம் வாங்குபவரும் அதே ரீசார்ஜ் செய்தால் அதே 53 ரூபாய்தான். தொகை ஒன்று, ஆனால் வருமானத்தோடு ஒப்பிட்டால் அந்த அக்கா தருவது கிட்டத்தட்ட 17 மடங்கு. ஏழைக்குப் பாரமாகவும் வசதியானவருக்குப் பொருட்டே இல்லாமலும் இருக்கும் இந்த மாதிரி வரியைத்தான் பொருளாதாரக்காரர்கள் தேய்வீத வரி என்கிறார்கள். சம்பளம் முழுவதையும் மாதக் கடைசிக்குள் செலவழித்தே தீர வேண்டியவர், வாழ்க்கை முழுக்க இந்த வரியைக் கட்டிக்கொண்டே இருக்கிறார். மிச்சம் பிடித்து மியூச்சுவல் ஃபண்டில் போட முடிந்தவருக்கு அந்த மிச்சத்தின் மேல் ஜிஎஸ்டி விழாது.

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதன் விகிதங்களைக் குறைத்து மாற்றினார்கள். சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. இது நல்ல மாற்றம், மனதாரச் சொல்கிறேன். ஷாம்பு பாக்கெட் வாங்குபவருக்கும் இதில் பங்கு உண்டு. ரீசார்ஜ் மட்டும் அதே 18ல் நிற்கிறது, இன்றைக்கு ரேஷன் கடை செய்தியிலிருந்து பிள்ளையின் பள்ளித் தகவல் வரை எல்லாமே போனில்தான் என்ற நிலையிலும்.

அரிசியைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடை இருந்தால் வரி இல்லை. என்ன நடந்தது? கடைகளில் 26 கிலோ சிப்பம் வர ஆரம்பித்தது. வியாபாரிகளைக் குறை சொல்ல எதுவும் இல்லை, சட்டம் அனுமதித்ததைத்தான் செய்தார்கள். ஆனால் விளைவைக் கவனியுங்கள். மொத்தமாக ஒரு மூட்டை வாங்கி வைக்கக் காசும் இடமும் உள்ள குடும்பம் வரி கட்டுவதில்லை. இந்த வாரச் சம்பளத்தில் 5 கிலோ பை வாங்கும் குடும்பம் கட்டுகிறது. யாரும் ஏழைகளிடம் கறக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்ததில்லை, விதியை எழுதும்போது 5 கிலோ பை வாங்குபவரை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நியாயமில்லாத வரி பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

சரி, நியாயம் என்றால் என்ன?

அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணம் பற்றி நடக்கும் சங்கக் கூட்டத்துக்கு ஒரு முறையாவது போயிருப்பீர்கள். ஒருவர் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை போடச் சொல்வார். இன்னொருவர் சதுர அடிக் கணக்கில் போடச் சொல்வார். தரைத்தளத்தில் இருப்பவர் எழுந்து, நான் லிஃப்ட்டில் ஏறுவதே இல்லை, எதற்கு லிஃப்ட்டுக்குக் காசு என்பார். நாட்டின் வரிக் கொள்கையில் இருக்கும் விவாதமும் இதுவேதான். யார் எவ்வளவு பயன் பெறுகிறாரோ அவ்வளவு கட்டட்டும் என்பது ஒரு கொள்கை. யாரால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கட்டட்டும் என்பது இன்னொன்று. சுங்கச்சாவடிக் கட்டணத்துக்கு முதல் கொள்கை பொருந்தும். பள்ளிக்கூடத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் அவை யாருக்கு அதிகம் தேவையோ அவரால் கட்ட முடியாது. தரைத்தளத்துக்காரரின் வாதத்தையும் ஒரே அடியாகத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் தரைத்தள வீட்டுக்கும் வாடகைக்கு ஆள் வருவது குறையும் என்பதை அவரும் ஒரு நாள் பார்ப்பார்.

முடிந்தவர் அதிகம் கட்டுவது என்ற கொள்கை வருமான வரியில் நன்றாகவே தெரியும், ஆனால் அதைச் சுற்றி ஒரு பெரிய தவறான புரிதல் இருக்கிறது. சம்பளம் கூடி அடுத்த படிக்குப் போய்விட்டால் மொத்தச் சம்பளத்துக்கும் அந்த விகிதத்தில் வரி போடுவார்கள் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 2025 பட்ஜெட்டில் அறிவித்த புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரையிலான பகுதிக்கு மட்டும் 5 சதவீதம், 8 முதல் 12 வரையிலான பகுதிக்கு 10, 12 முதல் 16 வரை 15, இப்படி ஏறி 24 லட்சத்துக்கு மேல் உள்ள பகுதிக்கு 30. வரிக்கு உட்பட்ட வருமானம் 16 லட்சம் என்றால் 20,000, 40,000, 60,000 என்று மூன்று பகுதிக்கும் சேர்த்து 1,20,000 ரூபாய். அதன் மேல் செஸ், அதாவது வரித் தொகையின் மேல் போடும் கூடுதல் வரி, 4 சதவீதம் சேர்ந்தால் 1,24,800. மொத்த வருமானத்தில் 8 சதவீதம்கூட இல்லை. 12 லட்சம் வரை உள்ளவர்களுக்குத் தள்ளுபடி போக எதுவுமே கட்ட வேண்டியதில்லை. அந்த 12 லட்சத்தைத் தாண்டிய ஓரிரு ஆயிரத்துக்காகப் பெரும் தொகை கட்ட நேராமல் இருக்கவும் சட்டத்தில் தனி ஏற்பாடு இருக்கிறது.

நம் மாநகராட்சியின் வீட்டு வரியிலும் இந்தக் கொள்கை ஒரு தடவை வெளிப்படையாக வந்தது. பழைய மாநகராட்சிப் பகுதியில் 1998க்குப் பிறகு சொத்து வரியை மாற்றவே இல்லை. 2022ல் மாற்றியபோது 600 சதுர அடி வரை உள்ள குடியிருப்புக்கு 50 சதவீதம் உயர்வு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று வைத்தார்கள். பெரிய வீட்டுக்குப் பெரிய உயர்வு என்ற எண்ணம் சரியானது. இருபது வருடத்துக்கு மேல் கை வைக்காமல் இருந்துவிட்டு ஒரே நாளில் ஏற்றியதுதான் தப்பு, வருடா வருடம் கொஞ்சம் ஏற்றியிருந்தால் யாருக்கும் இவ்வளவு வலித்திருக்காது. இன்னொன்று, வரியை அலுவலகத்தில் கட்டுபவரும் கடைசியில் அதைச் சுமப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்றில்லை. வீட்டு வரி ஏறியதும் பல வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆக அந்த 50 சதவீதத்தின் ஒரு பகுதி, சொந்தமாக ஓர் அங்குல நிலம் இல்லாத குடித்தனக்காரரின் தலையில் போய் இறங்கியது.

தொழில் வரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசியே ஆக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சம்பளத்தில் பிடித்து மாநகராட்சிக்குக் கட்டுவார்கள். அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய், அதுதான் உச்சம். 75,000 என்றால் மாதம் 12,500. அதாவது மாதம் 13,000 வாங்கும் துணிக்கடை விற்பனைப் பெண்ணும் மாதம் 5 லட்சம் வாங்கும் கம்பெனி அதிகாரியும் ஒரே 1,250 கட்டுகிறார்கள். மாநகராட்சி நினைத்தால்கூட மேலே உள்ளவருக்கு ஏற்ற முடியாது, ஏனென்றால் ஆண்டுக்கு 2,500க்கு மேல் போகக் கூடாது என்று அரசியலமைப்பின் 276வது பிரிவே கட்டிப்போட்டிருக்கிறது. அந்த உச்சவரம்பு 1988ல் வைத்தது. அன்றைய 2,500 ரூபாய்க்கு இருந்த மதிப்பு என்ன, இன்றைக்கு என்ன? மேலே ஏற்ற வழி இல்லாதபோது மாநகராட்சி என்ன செய்தது தெரியுமா? 2024ல் விகிதங்களை மாற்றியபோது நடுவில் உள்ள சிறிய வருமானப் படிகளுக்குத்தான் ஏற்றினார்கள். அரையாண்டுக்கு 21,000 முதல் 30,000 வரை வருமானம் உள்ளவருக்கு 135 ரூபாயாக இருந்தது 180 ஆனது, உச்சியில் இருப்பவருக்கு அதே 1,250. தொகை சின்னதுதான், ஆனால் அநியாயம் இவ்வளவு சுத்தமாகக் கண்ணுக்குத் தெரியும் இடம் வேறு இல்லை.

ஒரே நிலையில் உள்ள இரண்டு பேர் ஒரே அளவு கட்டுவதும் நியாயத்தின் ஒரு பாதிதான். மாதச் சம்பளக்காரருக்குக் கைக்கு வரும் முன்பே வருமான வரியைப் பிடித்துவிடுகிறார்கள், டிடிஎஸ் என்பது இதைத்தான். அதே வருமானம் உள்ள ஒரு கடைக்காரர், பில் போட்டால் 18 சதவீதம் கூடும், எப்படி வசதி என்று கேட்டு 'எஸ்டிமேட்' என்று தலைப்பு போட்ட துண்டுச் சீட்டில் கணக்கு எழுதித் தருகிறார். நாமும் தலையாட்டி வாங்கி வருகிறோம். அந்த இடத்தில் விட்டுப்போன வரியை யாரோ ஒருவர் வேறு எங்கேயோ கட்டித்தான் ஆக வேண்டும், அது பெரும்பாலும் தப்பிக்க வழியே இல்லாதவர்தான்.

மேல்மட்டத்தைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2025-26 மத்திய பட்ஜெட்டின் கணக்குப்படி அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 22 பைசா தனிநபர் வருமான வரி, 17 பைசா கம்பெனிகள் கட்டும் வரி, 18 பைசா ஜிஎஸ்டி, 24 பைசா கடன். கம்பெனிகளைவிடத் தனிமனிதர்கள் அதிகம் கட்டுகிறார்கள். 2019 செப்டம்பரில் சலுகைகள் வேண்டாம் என்று சொல்லும் உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு வரியை 22 சதவீதமாகக் குறைத்தார்கள். செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தே விட்டார்கள். முதலீடு வரும், வேலை பெருகும் என்ற காரணம் சொன்னார்கள், வசூலாகும் தொகையைவிட வசூலிக்கும் செலவும் தொல்லையும் அதிகம் என்றும் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் மேலே விட்டதற்கு ஈடாகக் கீழே எங்கே ஏற்றினார்கள் என்று கேட்பது நம் உரிமை.

மாநிலங்களுக்கு இடையிலும் இதே நியாயப் பிரச்சினை உண்டு. மத்திய வரியை மாநிலங்களோடு எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் 15வது நிதிக் குழு, அந்த வரிகளில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது, அதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பங்கு 4.079 சதவீதம். நாட்டு மக்கள்தொகையில் நாம் 2011 கணக்குப்படி சுமார் 6 சதவீதம். ஏழை மாநிலத்துக்கு அதிகம் போக வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன், மேலே அந்த அக்காவுக்குச் சொன்ன அதே நியாயம்தான் அது. எனக்கு உடன்பாடு இல்லாதது செஸ், மற்றும் அதேபோல் வரியின் மேல் கூடுதலாகப் போடும் சர்சார்ஜ் விஷயத்தில். இவை இந்தப் பங்கீட்டுக்குள்ளேயே வராது, முழுக்க மத்திய அரசுக்கே. வரியை செஸ் என்ற பெயரில் ஏற்றினால் எந்த மாநிலத்துக்கும் பங்கு இல்லை.

இனி செலவு

வீண் செலவு என்று சொல்லும்போது மக்கள் இரண்டு வேறு பொருளில் சொல்கிறார்கள். எனக்குக் கிடைக்காத செலவு ஒன்று, யாருக்குமே கிடைக்காத செலவு இன்னொன்று. முதலாவதை வீண் என்று சொல்வது தப்பு. இரண்டாவதுதான் உண்மையான வீண். நம் ஊரில் விவாதம் எல்லாம் முதலாவதைப் பற்றியே நடக்கிறது, இரண்டாவது சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. மாதம் 12,000 சம்பாதிப்பவருக்கு இது என்ன தொகை என்று யோசியுங்கள். கண்ணகி நகரிலிருந்தோ பெரும்பாக்கத்திலிருந்தோ நகரத்துக்குள் வேலைக்கு வருபவருக்கு, பஸ் காசுக்குப் பயந்து பக்கத்திலேயே குறைந்த சம்பளத்துக்கு ஒண்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் போயிற்று. பள்ளிச் சாப்பாடும் இப்படித்தான். 1920லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது, 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் காலை உணவும் வந்தது. ஒவ்வொரு தடவையும் வீண் என்று சொல்ல ஆள் இருந்தது. சாப்பிட்ட பிள்ளை பள்ளியில் தங்கியது.

இலவசம் எல்லாமே சரி என்றும் நான் சொல்லவில்லை. ஏற்கனவே டிவி இருந்த வீட்டுக்கும் ஒரு கலர் டிவி, ஏற்கனவே மிக்ஸி இருந்த வீட்டுக்கும் ஒரு மிக்ஸி என்று பொருளாக வாங்கிக் கொடுத்த காலம் இருந்தது. மொத்தக் கொள்முதலில் ஒப்பந்தம் பெரிது, தேவைப்படாதவருக்கும் போகும், ரிப்பேர் ஆனால் மூலையில் கிடக்கும். தினமும் பயன்படும் ஒரு சேவைக்குப் போகும் பணமும் இப்படிப் போகும் பணமும் ஒன்றாகாது.

அரசுச் செலவைச் சரிபார்க்கவே ஓர் அமைப்பு இருக்கிறது, சிஏஜி என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள், இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அண்ணா சாலையில் டிஎம்எஸ் பக்கத்தில் இருக்கும் ஏஜி ஆபீஸ் அந்தத் துறையைச் சேர்ந்ததுதான். அவர்கள் செயல்திறன் தணிக்கையில் கேட்பது மூன்று கேள்விகள்: சரியான விலைக்கு வாங்கினார்களா, போட்ட பணத்துக்கு ஏற்ற வேலை நடந்ததா, நடந்த வேலையால் நினைத்த பலன் வந்ததா? எந்தச் செலவையும் இந்த மூன்றையும் வைத்துப் பார்க்கலாம், அதற்குத் தணிக்கையாளராக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் தெருவையே பாருங்கள். மேற்கு மாம்பலத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ நாற்பது வருடத்துப் பழைய வீட்டின் முன்னால் நின்றால் தெரியும், மூன்று படி ஏறிப் போன வாசலுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டும். காரணம், பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரைப் போட்டுக்கொண்டே வந்தது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும், மில்லிங் என்பார்கள். 2021ல் தலைமைச் செயலாளரே இதற்கு உத்தரவு போட வேண்டி வந்தது. சுரண்டினால் சுரண்டிய அளவுக்கு வேலையும் செலவும் இருக்கிறது, ஆனால் சுரண்டாமல் விட்டதற்கான செலவு மாநகராட்சிக் கணக்கில் வராது, வீட்டுக்காரர் கணக்கில் வரும். மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று முதலில் வாசலில் ஒரு கட்டை கட்டுவார், அப்புறம் தரையைத் தூக்குவார், கூரை தலையில் இடிக்க ஆரம்பித்ததும் ஜாக்கி வைத்து மொத்த வீட்டையும் தூக்கும் ஆட்களைக் கூப்பிடுவார். சென்னையில் அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. அந்தச் செலவுக்கு முடியாதவர் ஒவ்வொரு மழைக்கும் பீரோவுக்கு அடியில் செங்கல் வைக்கிறார். அதே தெருவில் புதிதாகத் தார் போட்ட இரண்டாம் மாதம் கேபிளுக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ தோண்டுவார்கள். ஒரு துறை போட்டதை இன்னொரு துறை உடைக்கிறது, இரண்டுக்கும் நம் பணம்தான், இரண்டு பில்லும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். இதில் யாரும் லஞ்சம் வாங்கியிருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் கூவத்தின் ஓரமாக நின்ற தூண்கள். துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை, 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் அடிக்கல் நாட்டினார், மதிப்பீடு 2,000 கோடிக்கும் கீழே. ஆட்சி மாறியது. தூண்கள் அனுமதித்த பாதையை விட்டு ஆற்றுக்குள் வருகின்றன என்று 2012ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014ல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தும் வேலை நடக்கவில்லை. அமைந்தகரைப் பக்கம் போகும்போதெல்லாம் உச்சியில் கம்பி துருவேறி நிற்கும் அந்தத் தூண்களைப் பார்த்துப் பழகிப்போன ஒரு தலைமுறை இந்த ஊரில் உண்டு. பிறகு 2022 மே மாதம் இன்னொரு பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார், இந்தத் தடவை ஈரடுக்குச் சாலை, சுமார் 21 கிலோமீட்டர், 5,850 கோடிக்கு மேல். வடிவம் மாறிவிட்டதால் இரண்டு தொகையையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுவில் போன வருடங்களில் துறைமுகத்துக்கு லாரிகள் ஊர்ந்து போன டீசலும் ஓட்டுநர்களின் இரவுகளும் எந்த மதிப்பீட்டிலும் வராது. ஆற்றைக் காப்பது முக்கியம் என்றால் அதைத் தூண் நடும் முன் தீர்த்திருக்க வேண்டும்.

ஓமந்தூரார் வளாகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் என்று கட்டி 2010 மார்ச்சில் திறந்தார்கள், அடுத்த ஆண்டு புதிய அரசு கோட்டைக்கே திரும்பியது, 2014ல் அது பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. இன்று அங்கே நிஜமாகவே ஏழை நோயாளிகள் குணமாகிப் போகிறார்கள், ஆகவே பணம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். சட்டமன்றத்துக்கு என்று வரைந்த கட்டடத்தை மருத்துவமனையாக மாற்றியமைத்த செலவு, முதலிலேயே மருத்துவமனையாகக் கட்டியிருந்தால் வந்திருக்காது.

மார்ச் மாதத்தையும் கவனியுங்கள். ஒதுக்கிய பணத்தை மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். அதனால் வருடம் முழுக்க நகராத கோப்பு கடைசி வாரங்களில் ஓடுகிறது. அவசரத்தில் வாங்கும் பொருளுக்கு விலையும் தெரியாது, தரமும் தெரியாது.

வீண் செலவு எல்லோரையும் ஒரே மாதிரி அடிக்காது என்பதுதான் இதில் என்னை அதிகம் உறுத்துவது. அரசுப் பள்ளிக் கட்டடம் ஒழுகினால் வசதியானவர் தனியார் பள்ளிக்குப் போவார். குழாயில் தண்ணீர் சரியில்லை என்றால் கேன் வாங்குவார், கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஓடும். மாற்று வழி இல்லாதவருக்கு ஒழுகும் வகுப்பறைதான் பள்ளி. அவர்தான் ரீசார்ஜிலும் 5 கிலோ அரிசியிலும் தன் சக்திக்கு மீறி வரி கட்டியவர். அதோடு கடனும் இருக்கிறது. மத்திய அரசு செலவழிக்கும் ரூபாயில் 20 பைசா வட்டிக்கே போகிறது. தமிழ்நாட்டின் கடனைக் குடும்பங்களுக்குப் பங்கு போட்டால் ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் வருகிறது என்று 2021 ஆகஸ்டில் மாநில அரசின் வெள்ளை அறிக்கை சொன்னது. மெட்ரோ ரயிலுக்கும் குடிநீருக்கும் கடன் வாங்குவது தப்பே இல்லை, அவை நாற்பது வருடம் பயன் தரும், நாற்பது வருடம் கட்டலாம். உடைத்து உடைத்துப் போட்ட சாலைக்கு வாங்கிய கடனையும் அதே நாற்பது வருடம் கட்டுவோம், சாலை அதுவரை இருக்காது.

நீங்களே பார்ப்பது எப்படி?

சிஏஜி அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைத்த பிறகு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். முன்னால் உள்ள சுருக்கத்தைப் படித்தாலே போதும். ஒப்பந்தங்களுக்குத் தமிழ்நாட்டில் 1998லேயே வெளிப்படைத்தன்மைச் சட்டம் போட்டார்கள், அரசின் டெண்டர் இணையதளத்தில் உங்கள் மண்டலத்தின் பெயரைத் தேடினால் சாலை, வடிகால் வேலைகள் வரும். வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டம் உங்கள் வார்டில் நடந்தால் போங்கள், நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

இவற்றையெல்லாம்விட வேலைக்கு ஆவது தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி போட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது, 6வது பிரிவிலேயே அது இருக்கிறது. ஆனால் கேள்வியைப் போடுவதில்தான் சூட்சுமம். "எங்கள் தெரு ஏன் இப்படி இருக்கிறது" என்று எழுதினால் ஒன்றும் வராது, காரணமும் கருத்தும் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை, கையில் உள்ள ஆவணத்தைத்தான் தருவார்கள். ஆகவே ஆவணத்தைக் கேளுங்கள். தெருப் பெயர், கடந்த ஐந்து ஆண்டில் அங்கே போட்ட சாலை வேலைகளின் வேலை உத்தரவு நகல், ஒப்பந்தத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர், அளவுப் புத்தகத்தின் நகல், பழுதுகளை ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம் எந்தத் தேதி வரை, அந்தச் சாலையை வெட்ட யார் யாருக்கு எந்தத் தேதியில் அனுமதி கொடுத்தார்கள். அளவுப் புத்தகத்தை மறக்காதீர்கள், எத்தனை மில்லிமீட்டர் சுரண்டி எத்தனை மில்லிமீட்டர் போட்டதாகப் பணம் கொடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். நடந்த வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியை எடுத்துக்கொள்ளவும் இதே சட்டத்தில் உரிமை இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வரவில்லை என்றாலோ அரைகுறையாக வந்தாலோ அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுதுங்கள், தமிழ்நாட்டில் அதற்குக் கட்டணம் கிடையாது.